ராமநாதபுரம் கடலோரத்துல ஓப்பன் டாப் ஸ்போர்ட்ஸ் கார்: வாங்க, வச்சுக்க, விக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கூரைய மடிச்சுக்கிற கன்வர்ட்டிபிள் கார் வாங்கப் போறேன்னு யாரு வந்து சொன்னாலும் நான் முதல்ல கேக்குறது பட்ஜெட்ட இல்ல. வீடு கடல்ல இருந்து எவ்வளவு தூரம், வண்டி கழுவ எந்தத் தண்ணி, ஷெட் எந்தத் திசையப் பாத்து இருக்கு, இந்த மூணுதான். நம்ம பக்கம், தொண்டி தேவிபட்டினத்துல இருந்து உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம், இந்தாண்ட கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், இந்த மாதிரி வண்டிய காலி பண்றது ஓட்டுறது இல்ல, நிறுத்தி வைக்கிறதுதான். கடைசியா பாக்க வேண்டிய விஷயம் வண்டி, அதுக்கு முன்னாடி நிழலும் நல்ல தண்ணியும் வேலை தெரிஞ்ச ஒரு ஆளும் அமையணும்.

ஆனா அமைஞ்சிருச்சுன்னா இந்த மாவட்டம் மாதிரி ஓப்பன் டாப் வண்டிக்கு ஏத்த இடம் தமிழ்நாட்டுல எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாம்பன் ரோட்டுப் பாலத்துல டாப்ப மடிச்சுட்டு ஏறுங்க, 2 கிமீக்கு மேல கடல் மேலயே போகுது. அப்புறம் ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரைக்கும் 2017ல திறந்த ரோடு, போகும்போது இடது கைப்பக்கம் பெண்கடல்னு சொல்ற வங்கக்கடல் அமைதியா கெடக்கும், வலது பக்கம் ஆண்கடல்னு சொல்ற மன்னார் வளைகுடா இரைஞ்சுகிட்டே வரும், கூரை இல்லாத வண்டில ரெண்டு சத்தமும் தனித்தனியா காதுல விழும். அதுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

1. வண்டிக்கு முன்னாடி ஷெட்டு

நம்ம ஊர் காத்து ரெண்டு பக்கம் இருந்து வருது. ஆனி ஆடில கச்சான் தென்மேற்குல இருந்து மண்ணள்ளிப் போடும், ஐப்பசி கார்த்திகைல வாடை வடகிழக்குல இருந்து மழையோட வரும். அதனால ஷெட்டுக்கு இந்த ரெண்டு திசையிலயும் சுவர் வேணும், வாசல் கடலப் பாக்காம இருக்கணும். தகரக் கொட்டகை மட்டும் போட்டு நாலு பக்கமும் தொறந்து விட்டா அது வெயிலத் தடுக்கும், உப்பத் தடுக்காது. தரைல சிமெண்ட் போட்டு வாட்டம் விடுங்க, மண் தரைல ஈரம் கீழ இருந்தே ஏறும். அதுக்காக காத்தே புகாம அடைச்சும் வைக்கக் கூடாது, மழைக்காலத்துல உள்ள புழுங்கி சீட்டு லெதர்ல பூசணம் வந்துரும், மேல ஒரு வென்ட் விடுங்க.

தார்ப்பாய் போட்டு மூடுறத அடியோட விட்ருங்க. அடில ஈரம் நிக்கும், காத்துல அது ஆடி ஆடி மண்ண வச்சு பெயிண்டத் தேய்ச்சுரும். காத்து போற மாதிரி துணில தச்ச கவர் போதும், அதுவும் ஷெட்டுக்குள்ள மட்டும்.

அப்புறம் தண்ணி. போர் போட்டு வர்ற தண்ணியில வண்டி கழுவுறது, கடலோரத்துல பாதி இடத்துல உப்ப எடுத்து வண்டிக்கு பூசுறதுதான். தண்ணில கரைஞ்ச உப்ப அளக்குற ஒரு டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கி உங்க வீட்டு போர் தண்ணில விட்டுப் பாருங்க, ஆயிரத்துக்கு மேல காட்டுச்சுன்னா அந்தத் தண்ணிய வண்டிப் பக்கமே கொண்டு போகாதீங்க. காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல வர்ற தண்ணியோ மழைத் தண்ணிய தொட்டில பிடிச்சு வச்சதோதான் கழுவ ஏத்தது. குடிக்க சண்டை போட்டு வாங்குற தண்ணிய காருக்கு ஊத்த மனசு வராது, அது நியாயம்தான், அதனால மாடில இருந்து மழைத் தண்ணிய இறக்கி தனியா ஒரு சின்டெக்ஸ் டேங்க் வச்சுருங்க. ரோட்டோர வாட்டர் வாஷ் கடைல விடுறதா இருந்தா அவங்க தண்ணியையும் மீட்டர்ல பாத்துட்டு விடுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

2. எந்த மாதிரி வண்டி

ரெண்டு வகை டாப் இருக்கு. துணி டாப், மடியிற ஹார்ட் டாப். பிஎம்டபிள்யூ இசட்4ல 2009ல இருந்து 2016 வரைக்கும் வந்தது மடியிற அலுமினிய ஹார்ட் டாப், அதுக்கு அடுத்த தலைமுறைல மறுபடி துணிக்கே மாத்திட்டாங்க, 10 செகண்ட்ல தொறக்கும், 50 கிமீ வேகம் வரைக்கும் ஓடிக்கிட்டே தொறக்கலாம். போர்ஷே பாக்ஸ்டர் எப்பவுமே துணி. மினி கன்வர்ட்டிபிள் துணி. மெர்சிடிஸ் எஸ்எல்கே ஹார்ட் டாப், ஃபெராரி கலிஃபோர்னியாவும் அப்படித்தான்.

கடலோரத்துக்கு ஹார்ட் டாப்தானே நல்லதுன்னு எல்லாருக்கும் தோணும். பாதிதான் சரி. வெயிலுக்கும் காக்காய்க்கும் ஹார்ட் டாப் தேவலாம், ஆனா அதுக்குள்ள கீல், மோட்டார், ஹைட்ராலிக் சிலிண்டர், சென்சார்னு ஏகப்பட்டது, மண்ணும் உப்பும் போனா ஒவ்வொண்ணா மக்கர் பண்ணும், பழைய எஸ்எல், எஸ்எல்கேல சிலிண்டர் சீல் போயி ஆயில் ஒழுகுறது ரொம்ப சாதாரணம். துணி டாப் எளிமை, பல வருஷம் கழிச்சு துணி போனாலும் புதுசு தச்சுப் போட்டுக்கலாம். என் அபிப்பிராயம், நம்ம பக்கத்துக்கு நல்லா பராமரிச்ச துணி டாப்தான் நிம்மதி.

பாக்ஸ்டர்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். 2008 வரைக்கும் வந்த என்ஜின்ல ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு, அது உடைஞ்சா என்ஜினே போச்சு, அதுலயும் 2005க்கு முந்தினதுல இந்தத் தொல்லை அதிகம், 2009 மாடல்ல இருந்து வந்த புது என்ஜின்ல அந்த பேரிங்கே கிடையாது. பழசு விலை கம்மியா வருதேன்னு பாய்ஞ்சிறாதீங்க, பேரிங் மாத்துன பில் இருக்கான்னு கேளுங்க.

சர்வீஸ் தூரத்தையும் கணக்குல எடுங்க. ராமநாதபுரத்துல இருந்து மதுரை 115 கிமீ, சென்னை 500 கிமீக்கு மேல. மதுரைக்குள்ள முடிஞ்சிற வேலையா, சென்னை வரைக்கும் ஃப்ளாட்பெட் லாரில ஏத்தி அனுப்பணுமா, ஃபெராரி மாதிரி எடுத்தா மும்பை வரைக்கும் பேசணுமா, இத வாங்குறதுக்கு முன்னாடியே போன் போட்டு கேட்டு எழுதி வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ளாட்பெட் வாடகை செலவுல சேரும்னு நினைச்சுக்கோங்க.

தரை உயரம் பத்தி சொல்லாம இருக்க முடியாது. துணி டாப்புக்கு மாறுன தலைமுறை இசட்4 தரைல இருந்து 114 மிமீதான். ரோட்டுக்கு அளவு சொல்ற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐஆர்சி) கணக்குப்படி வேகத்தடைன்னா 10 செமீ உயரம் 3.7 மீட்டர் அகலம், அந்த மாதிரி சாஞ்ச மேடா இருந்தா மெதுவா ஏறிரும், ஆனா ஊருக்குள்ள ஆளாளுக்கு போட்டு வச்சது செங்குத்தா நிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க தெருவுல இருந்து மெயின் ரோடு வரைக்கும் ஒரு அளவுகோல் எடுத்துட்டு நடந்து பாருங்க. என்எச் 87ம் ஈசிஆரும் பிரச்சனை இல்ல, அதுல போய்ச் சேர்ற வரைக்கும்தான்.

3. துபாய் வண்டிய கொண்டு வரலாமா

கீழக்கரைல இது அடிக்கடி வர்ற கேள்வி. பெரியவர் ஒருத்தர் கேட்டாங்க, "தம்பி, துபாய்ல எம் மவன் வண்டி சும்மாதானே நிக்கிது, அங்க விக்கிற காசுக்கு இங்க கப்பல்ல ஏத்திரலாம்ல?"

"முடியாது காக்கா (அண்ணனுக்கு அந்தப் பக்கம் சொல்றது), அங்க ஸ்டீரிங் இடது பக்கம்."

"மாத்திக்கிறலாம்டு சொல்றாங்களே?"

"சொல்லுவாங்க, கஸ்டம்ஸ்ல விட மாட்டாங்க."

இதுதான் விதி. பழைய வண்டி இறக்குமதின்னா ஸ்டீரிங் வலது பக்கம் இருக்கணும், தயாரிச்சு 3 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது, ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டர்ல காட்டணும், ஹெட்லைட் நம்ம ரோட்டுக்கு ஏத்த மாதிரி அடிக்கணும், மும்பைத் துறைமுகம் வழியாத்தான் வரணும். துபாய் நம்பரோட நம்ம ஊர்ல சில வண்டி ஓடுறதப் பாத்திருப்பீங்க, அது கார்னெட்னு ஒரு தற்காலிக அனுமதில வந்தது, குறிப்பிட்ட காலத்துல திரும்பிப் போயாகணும், இங்க விக்கவே கூடாது. யாராவது அத சல்லிசா தர்றேன்னு சொன்னா அந்தப் பேச்சையே எடுக்காதீங்க.

புதுசா வெளிநாட்டுல இருந்து முழுசா வர்ற வண்டிக்கு கணக்கு எப்படின்னா, 40,000 டாலருக்கு மேல மதிப்புள்ள கார்னா 2025 பட்ஜெட்டுக்கு அப்புறம் பேசிக் டியூட்டி 70 சதவீதம், அதுமேல ஏஐடிசின்னு சொல்ற விவசாயக் கட்டமைப்பு செஸ் 40, ஆக 110. கரைக்கு வந்து சேர்ற மதிப்பு 1 கோடின்னா டியூட்டியோட 2.10 கோடி, அதுக்கு மேல 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம், 2.94 கோடி. அப்புறம் தமிழ்நாட்டு ஆயுள் வரி, 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு 20 சதவீதம், இன்னொரு 59 லட்சம் கிட்ட. டீலர் லாபம், இன்ஷூரன்ஸ் இதுல சேரல. நாடுகளோட போடுற ஒப்பந்தத்தால டியூட்டி மாறிக்கிட்டே இருக்கு, புக் பண்ற அன்னைக்கு என்ன ரேட்டுன்னு எழுத்துல வாங்குங்க. சின்ன அளவுல பாக்கணும்னா, இசட்4 எம்40ஐ 2023ல வந்தப்ப எக்ஸ் ஷோரூம் 89.30 லட்சம், அந்த விலைக்கு இந்த 20 சதவீதக் கணக்குல ஆயுள் வரி மட்டுமே 18 லட்சத்துக்கு பக்கம். ஷோரூம் விலையப் பாத்து பட்ஜெட் போட்டவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் திகைச்சு நிப்பாங்க.

4. பழைய வண்டி பாக்குறது

நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு இதுதான் வழி. சென்னை, கோயம்புத்தூர், கொச்சி, பெங்களூர்ல கைமாறி வர்ற வண்டி. ஆடிலயும் மார்கழிலயும் பாருங்க, நம்மாளுங்க வண்டி எடுக்க மாட்டாங்க, விக்கிறவர் பேச்சுக்கு இறங்கி வருவார்.

முதல்ல பேப்பர். ஆர்சில இருக்கிற சேசிஸ் நம்பரும் வண்டில அடிச்சிருக்கிற நம்பரும் ஒண்ணான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க. தனியா இறக்குமதி ஆன வண்டின்னா கஸ்டம்ஸ்ல கொடுத்த இறக்குமதிப் பத்திரம், பில் ஆஃப் என்ட்ரி காப்பி கேளுங்க, அதுலயும் அதே நம்பர் இருக்கணும். 2025 செப்டம்பர்ல கேரளாவுல கஸ்டம்ஸ் நும்கோர்னு பேரு வச்சு ரெய்டு பண்ணாங்களே, பூட்டான் வழியா கடத்தி வந்து போலி பேப்பர்ல பதிவு பண்ண வண்டின்னு தூக்கிட்டுப் போனாங்க, அதுல தெரியாம வாங்கினேன்னு சொன்னவங்க வண்டியையும் பிடிச்சாங்க. அரசாங்கத்தோட பரிவாஹன் வெப்சைட்ல நம்பர் போட்டு எத்தனாவது ஓனர், லோன் இருக்கா, இன்ஷூரன்ஸ் ஓடுதா, செலான் பாக்கி இருக்கான்னு பாத்துருங்க.

வேற மாநில நம்பர்னா நல்லா யோசிங்க. தமிழ்நாட்டுல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா இங்க மறுபதிவு பண்ணியாகணும், அந்த ஊர் ஆர்டிஓ கிட்ட ஃபார்ம் 28ல என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வாங்கணும், இங்க வண்டி வயசுக்கு ஏத்த ஆயுள் வரி கட்டணும், அங்க கட்டுன வரிய திருப்பி வாங்குறது தனி அலைச்சல். புதுச்சேரி, காரைக்கால் நம்பர் விலை கம்மியா இருக்கேன்னு எடுத்தவங்க நம்ம மாவட்ட நம்பர் டிஎன் 65க்கு மாத்தும்போது அந்த மிச்சமெல்லாம் திரும்பக் கட்டுவாங்க. அந்த வரியக் கழிச்சுத்தான் விலை பேசணும்.

இப்ப வண்டி. மத்த கார்ல பாக்குறதெல்லாம் இதுலயும் உண்டு, டிங்கரிங், பட்டி, ஸ்கேனர்ல எரர் கோடு, டயர் எப்ப செஞ்சதுன்னு பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்கம் (முதல் ரெண்டு இலக்கம் எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம்), அதெல்லாம் மெக்கானிக்கே பாத்துருவார். நான் சொல்ல வர்றது கன்வர்ட்டிபிள்ல மட்டும் பாக்க வேண்டியது.

ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் கொண்டு போங்க. டாப்ப பாதி தொறந்து நிறுத்துனா ஓரத்துல, பின்பக்கம் துணி மடியிற இடத்துல ரெண்டு பக்கமும் வடிகால் ஓட்டை இருக்கும், பாக்ஸ்டர்ல இது நல்லாவே தெரியும். அதுல மெதுவா தண்ணிய ஊத்துங்க, அவசரப்படாதீங்க. நல்ல வண்டின்னா சில நொடில பின் வீலுக்கு முன்னாடி தரைல தண்ணி கொட்டுற சத்தம் கேக்கும், குனிஞ்சு பாத்தா தெளிவா ஒரு கோடு மாதிரி இறங்கும். அடைச்சிருந்தா தண்ணி மேலயே குளம் கட்டி நிக்கும், ஒரு கருவேல இலை, கொஞ்சம் மண்ணு, அவ்வளவுதான் அடைப்பு, ஆனா அந்தத் தண்ணி எங்க போகும்? உள்ள போகும். பழைய பாக்ஸ்டர்ல சீட்டுக்கு அடியிலதான் சாவிய அடையாளம் பாக்குற இம்மொபிலைசர் பெட்டி இருக்கு, அது நனைஞ்சா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. அதனால ஓட்டைய பாத்து முடிச்சதும் சீட்டுக்குப் பின்னாடி கார்பெட்ல கட்டை விரல வச்சு அழுத்துங்க. ஈரம் கசியுதா, விரல எடுத்து மோந்து பாத்தா பழைய துணி வாடை வருதா, கார்பெட் ஓரத்த தூக்குனா அடில இருக்கிற ஸ்க்ரூ துருப் பிடிச்சிருக்கா. எத்தனையோ வண்டில பாலிஷ் கண்ணாடி மாதிரி மின்னும், கார்பெட்டுக்கு அடில உண்மை இருக்கும்.

அடுத்து டாப்ப என்ஜின் ஓடும்போது மூணு தடவை தொறந்து மூடுங்க. ஒரு தடவை யாரு வேணும்னாலும் தொறந்து காட்டுவாங்க, ஆயில் குறைஞ்ச பம்ப் மூணாவது தடவைதான் மூச்சு வாங்கும். ரெண்டு பக்கமும் சமமா ஏறுதா, நடுவுல நிக்கிதா, கண்ணாடி தானா இறங்கி தானா ஏறுதா, கடைசில லாக் விழுற சத்தம் ஒரே சத்தமா வருதா பாருங்க. துணில மடிப்பு விழுற இடத்துல நூல் பிரிஞ்சிருக்கா, பின் கண்ணாடி ஒட்டுன ஓரம் விலகியிருக்கான்னு வெளிச்சத்துக்கு எதிரா உள்ள உக்காந்து பாருங்க, ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் மழைல அங்கதான் ஒழுகும்.

வெள்ளத்துல மாட்டுன வண்டியும் கவனம். 2015 சென்னை வெள்ளம், 2018 கேரளா, 2023 மிக்ஜாம், ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் இன்ஷூரன்ஸ் ஏலத்துல போன வண்டி சுத்தமாகி வேற ஊர்ல வந்து நிக்கும். சீட் பெல்ட்ட முழுசா இழுத்துப் பாருங்க, உள்ள சுருட்டி இருக்கிற கடைசிப் பகுதில சேத்துக் கோடு இருந்தா முடிஞ்சது. ஃபியூஸ் பாக்ஸ்ல பச்சை பூத்திருந்தாலும் அப்படித்தான்.

பழைய லம்போர்கினி, ஃபெராரில ஒத்தை கிளட்ச் ஆட்டோ கியர் வந்தா கிளட்ச் எவ்வளவு மிச்சம்னு கம்பெனி கம்ப்யூட்டர்ல எடுத்த ரிப்போர்ட் இல்லாம பேசவே கூடாது. கார்பன் செராமிக் பிரேக் இருந்தா டிஸ்க் நிலை என்னன்னு எழுதி வாங்குங்க, அது மாத்துற காசுல இங்க ஒரு புது கார் வரும்.

5. பணமும் பேர் மாத்துறதும்

ரொக்கமா 2 லட்சமோ அதுக்கு மேலயோ வாங்கக் கூடாது, வருமான வரிச் சட்டத்துல வாங்குனவருக்கு அதே தொகை அபராதம். எல்லாம் ஆர்டிஜிஎஸ்ல. டீலர் கிட்ட 10 லட்சத்துக்கு மேல எடுத்தா 1 சதவீதம் டிசிஎஸ்னு வருமான வரி பிடிப்பாங்க, அத ரிட்டர்ன்ல எடுத்துக்கலாம். பேர் மாத்த ஃபார்ம் 29, 30, லோன் முடிஞ்ச வண்டின்னா 35, விக்கிறவர் பான் காப்பி, இதெல்லாம் வேணும். இன்ஷூரன்ஸ 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க, ஆர்சி வரட்டும்னு காத்திருக்காதீங்க, நடுவுல ஏதாவது ஆச்சுன்னா கிளைம் நிக்காது.

இன்ஷூரன்ஸ்ல தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கட்டாயம் போடுங்க. சாதாரண பாலிசில ரப்பர், பிளாஸ்டிக், நைலான் பாகத்துக்கு பாதி விலைதான் வரும், இந்த வண்டில அதுதான் நிறைய. தண்ணி புகுந்து என்ஜின் போனா காசு தர்ற என்ஜின் புரொடெக்டும் போடுங்க, 2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 400 மிமீக்கு மேல கொட்டுச்சே, 114 மிமீ உயர வண்டிக்கு அது என்னன்னு நினைச்சுப் பாருங்க. டாப் துணி, டாப் மோட்டார் ரெண்டும் கவர் ஆகுதான்னு ஏஜென்ட் வாயால சொன்னா போதாது, மெயில்ல வாங்குங்க.

6. வச்சு ஓட்டுறது

வாங்குன முதல் வாரமே அண்டர்பாடிக்கு மெழுகு மாதிரி கோட்டிங், இல்லன்னா லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கோட்டிங் அடிங்க. கருப்பா தடியா அடிக்கிற ரப்பர் கோட்டிங் புது வண்டிக்கு சரி, பழசுக்கு வேண்டாம், ஏற்கெனவே துரு இருந்தா அதுக்குள்ள ஈரத்தப் பூட்டி வச்ச மாதிரி ஆயிரும். எர்த் கம்பி போல்ட், கனெக்டர் எல்லாத்துலயும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்க. இந்த வண்டிகள்ல அலுமினியமும் இரும்பும் ஒட்டி நிக்கிற இடம் நிறைய, உப்பு ஈரம் நடுவுல பட்டா அலுமினியம்தான் முதல்ல வெள்ளையா பொரிஞ்சு அரிச்சுப் போகும், அந்த வெள்ளைப் பொடியப் பாத்தா விடாதீங்க.

தனுஷ்கோடி போயிட்டு வந்தா அன்னைக்கே கழுவணும், மறுநாள் ஆகாது. மேல இல்ல, கீழ. வீல் ஆர்ச், பிரேக் காலிப்பர், முன்னாடி ரேடியேட்டர் வாய், ஏசி கண்டென்சர், நல்ல தண்ணிய மெதுவான வேகத்துல ஊத்தி மண்ணும் உப்பும் இறங்குற வரைக்கும். பாக்ஸ்டர்ல முன்னாடி ரெண்டு ஓரத்துலயும் ரேடியேட்டர் இருக்கு, இலையும் மண்ணும் அங்கதான் போயி அடையும், பம்பரக் கழட்டி வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணுங்க. கழுவிட்டு அப்படியே நிறுத்தாம ஒரு ரவுண்டு ஓட்டி பிரேக் போட்டு டிஸ்க்க காய வச்சு நிறுத்துங்க. மீன் லாரிக்குப் பின்னாடி போகாதீங்க, ஐஸ் கரைஞ்சு ஒழுகுற தண்ணி முழுக்க உப்பு, முந்துங்க, இல்ல தூரமா விட்ருங்க.

துணி டாப்புக்கு சில விஷயம் கண்டிப்பா வேணும். மண் படிஞ்சிருக்கும்போது மடிக்காதீங்க, மெதுவான பிரஷ்ல தட்டிட்டு மடிங்க, இல்லன்னா மண்ணு மடிப்புக்குள்ள இருந்து அரைச்சே ஓட்டை போட்டுரும். ஈரமா மடிச்சு வைக்காதீங்க, பூசணம் வரும். பிரஷர் வாஷர் வேண்டாம், சர்ஃப் பவுடர் வேண்டாம், கார் ஷாம்பூ போதும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, பங்குனிலயும் புரட்டாசிலயும், வாட்டர் ப்ரூஃப் ஸ்ப்ரே அடிங்க. ஓர ரப்பருக்கு அதுக்குன்னே இருக்கிற சிலிகான் கிரீஸ், வாசலின் தேங்காண்ணெய் எதுவும் தடவக் கூடாது, ரப்பர் ஊதிப் போகும். கரிமூட்டம் போடுற பக்கம் டாப்ப மூடிட்டுப் போங்க, அந்தப் புகை துணில ஏறுனா லேசுல போகாது.

ஓட்டுற நேரம் காலைல 9 மணிக்குள்ள, சாயங்காலம் வெயில் இறங்குன அப்புறம். தனுஷ்கோடில இருட்டுறதுக்கு முன்னாடி எல்லாரையும் திருப்பி அனுப்பிருவாங்க, அதனால காலைதான் சுகம். ரோட்டுல மணல் ஏறிக் கெடக்குற இடத்துல பிரேக் அடிக்காதீங்க, வேகத்த முன்னாடியே குறைங்க. பீச் மணல்ல இறக்கவே கூடாது, ஃபோட்டோவுக்காகக் கூட. கச்சான் அடிக்கிற மாசத்துல பாம்பன் பாலத்துல பக்கவாட்டுக் காத்து வண்டியத் தள்ளும், டாப்ப மூடிட்டு ரெண்டு கையும் ஸ்டீரிங்ல இருக்கட்டும். அறுவடை நேரத்துல கதிர ரோட்டுல போட்டிருப்பாங்க, உயரமான வண்டி அது மேல போயிரும், நம்மது போனா வைக்கோல் சைலென்சர்ல சுத்தி சூட்டுல பத்திக்கும், இறங்கி வழி கேட்டு ஓரமாப் போங்க. சீமைக் கருவ முள்ளு பஞ்சருக்கு ரன்ஃப்ளாட் டயர் கொஞ்ச தூரம் கொண்டு போய்ச் சேக்கும், ஆனா ஸ்டெப்னி கிடையாது, கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் டிக்கில இருக்கட்டும்.

பெட்ரோல் இப்ப எல்லா பங்க்லயும் ஈ20, 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமே இல்ல, பழைய வண்டியோட ரப்பர் பைப் அதுக்குன்னு செஞ்சதும் இல்ல. ஃப்யூயல் ஹோஸ் மாத்திருங்க, டேங்க்ல மாசக்கணக்குல பெட்ரோல் நிக்க விடாதீங்க. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, கிமீ ஓடலன்னாலும். மழைக்காலத்துல நிறுத்தி வச்சா பேட்டரிக்கு மெயின்டெயினர் சார்ஜர், டயர்ல காத்து கொஞ்சம் கூடுதலா, எலிக்கு பொறி. வாரத்துக்கு ஒரு தடவை சும்மா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்றது கெடுதல், சைலென்சர்ல தண்ணி கட்டும், ஓட்டுனா நல்லா சூடாகுற அளவுக்கு ஓட்டுங்க, இல்ல தொடாதீங்க. அந்த வடிகால் ஓட்டைய மட்டும் புரட்டாசி முடியறதுக்குள்ள ஒரு தடவை, வாடை மழைக்கு நடுவுல இன்னொரு தடவை சுத்தம் பண்ணிருங்க, கம்பி விடாம மெல்லிசான நைலான் வயர் விட்டு.

7. விக்கிறது

மழை முடிஞ்சு தை பிறந்தப்புறம் போடுங்க, வானம் தெளிவா இருக்கும், வாங்குறவர் டாப்ப தொறந்து ஓட்டிப் பாப்பார். கீழக்கரை, தொண்டி பக்கத்து ஆளுங்க வெளிநாட்டுல இருந்து லீவுல வர்ற நேரமும் நல்ல நேரம், முடிவெடுக்குறவரே ஊர்ல இருப்பார்.

கடலோரத்து வண்டின்னதும் வாங்குறவர் மனசுல துருதான் முதல்ல வரும். அத மறைச்சா பேச்சே வராது, காட்டுனாத்தான் விலை வரும். லிஃப்ட்ல ஏத்தி அண்டர்பாடிய வெளிச்சத்துல ஃபோட்டோ எடுங்க, கோட்டிங் பில், பிரேக் ஆயில் பில், எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு ஃபைல்ல போடுங்க. டாப் தொறந்து மூடுறத வெட்டு இல்லாத ஒரே வீடியோவா எடுங்க, வடிகால்ல தண்ணி ஊத்தி கீழ கொட்டுறதையும் அதுலயே காட்டுங்க. இந்த ஒரு வீடியோவப் பாத்துட்டு கோயம்புத்தூர்ல இருந்து கிளம்பி வர்ற ஆள் சும்மா பாக்க வர மாட்டார். பெயிண்ட் அடிச்ச இடம் இருந்தா போன்லயே சொல்லிருங்க, அவர் இவ்வளவு தூரம் வந்து பெயிண்ட் கனம் அளக்குற மீட்டர்ல கண்டுபிடிச்சா விலையும் போகும் மரியாதையும் போகும்.

டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸ் பாத்து ஃபோட்டோ எடுத்துட்டு நீங்க பக்கத்துல உக்காந்து போங்க, சாவிய கொடுத்து அனுப்பாதீங்க. முழுப் பணமும் அக்கவுண்ட்ல ஏறுன அப்புறம்தான் சாவி. கையெழுத்து மட்டும் போட்ட வெத்து ஃபார்ம் 29, 30 புரோக்கர் கைல போகவே கூடாது, அவர் அத வச்சு ஆறு மாசம் உங்க பேர்லயே ஓட்டுவார். 2018ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, வித்துட்டாலும் ஆர்சில யாரு பேரு இருக்கோ விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. அதனால வித்ததும் ஆர்டிஓவுக்கு தகவல் கொடுக்கணும், மாநிலத்துக்குள்ளன்னா 14 நாள், வெளி மாநிலம்னா 45 நாள். டெலிவரி நோட்டுல தேதியோட மணியும் கிலோமீட்டரும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க.

ஃபாஸ்டேக்க அன்னைக்கே குளோஸ் பண்ணுங்க. உங்க நோ கிளைம் போனஸ் வண்டியோட போறது இல்ல, உங்களோடது, இன்ஷூரன்ஸ் கம்பெனி கிட்ட கடிதம் வாங்கி வச்சா 3 வருஷத்துக்குள்ள அடுத்த வண்டிக்குப் போட்டுக்கலாம். ஒரு மாசம் கழிச்சு பரிவாஹன்ல வண்டி நம்பரத் தட்டிப் பாருங்க, புது ஓனர் பேரோட முதல் எழுத்து வந்திருக்கணும், வரலன்னா அவருக்கு போன் போடுங்க, அப்பவும் நடக்கலன்னா டெலிவரி நோட்டு காப்பிய எடுத்துக்கிட்டு நேரா ஆர்டிஓ ஆபீஸ் போய் எழுதிக் கொடுத்து, சீல் போட்ட ரசீதோட வாங்க.